சத்தம் ஆகாத அறை

“...அவ்ளோதாம்மா, இனிமே இன்னா கீது? எவ்ளோ வோணா கத்திக்கங்க. ஒர்த்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றாள் கன்னியம்மா ஆயா.

அவள் எங்கே பேச்சைத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது கடைசிப் பாதிதான். அதுவரை எங்களைத் தும்மக்கூட விடாமல் காவல் காத்தவள் அவள். இப்போது கத்துங்கள் என்கிறாள். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்ல, என் நைனாவின் தொண்டையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நைனா சவரிமுத்து ஹார்பரில் சிக்னல்மேன். சரக்கெல்லாம் பெரிய இரும்புப் பெட்டிகளில் பூட்டி வராத காலம் அது. மூட்டையும் மரப்பெட்டியும் கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும். சரக்கைக் கயிற்றில் தூக்கி இறக்குகிற விஞ்சை ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே மூட்டை கட்டுகிற ஆட்களுக்கு மேலே நடப்பது தெரியாது. நடுவில், அந்தப் பெரிய ஓட்டையின் விளிம்பில் நின்று இரண்டு பக்கத்துக்கும் கண்ணாகவும் வாயாகவும் இருப்பதுதான் நைனாவின் வேலை. “ஆரியா!” என்று கத்தினால் இறக்கு. “ஹாபீஸ்!” என்றால் தூக்கு. இரைச்சலில் குரல் எட்டாதபோது கை பேசும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து, தண்ணீரைத் தடவுகிற மாதிரி அமுக்கினால் மெதுவாக. ஆனால் நைனாவுக்குக் கை தேவைப்பட்டதே குறைவு. குரல் அப்படி.

மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது. எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை, “சவரிமுத்து, இனிமே பாவசங்கீர்த்தனத்துக்கு நீ கடைசி ஆளா வா. பின்னால நிக்கிறவங்க உன் பாவத்தைக் கேட்டுட்டு அவங்களோடத மறந்துடறாங்க” என்றாராம். நைனா, “இன்னா சாமி, ஆண்டவருக்குக் கேக்க வாணாமா?” என்று திருப்பிக் கேட்டாராம். அந்தக் கேள்வியும் கோயில் வாசல் வரைக்கும் கேட்டதாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர், விஞ்சு ஓட்டுகிறவர், நைனாவின் தோஸ்து. “உங்க நைனா குரல் கீதே ராணி, அத்த நம்பித்தான் நான் கண்ண மூடிக்கினு விஞ்சு ஓட்றேன்” என்பார் என்னிடம்.

கோதுமைக் கப்பல் வந்தால் நைனா ஒரு ஷிப்டு முடித்து அடுத்த ஷிப்டிலும் நிற்பார். வீட்டுக்கு வந்தால் சும்மா இருப்பாரா? எதிர் வீட்டு ஓடு மாற்றுவார், பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குக் கயிறு பின்னுவார். உட்காருங்கள் என்றால், “குந்தினா துரு புடிச்சிக்கும்” என்பார். என் மகள் பிளோரா பிறந்த பிறகுதான் அவர் உட்காரவே கற்றுக்கொண்டார். இது நடந்தபோது அவளுக்கு நாலு வயது. வேலை விட்டு வரும்போது கல்மண்டபம் திருப்பத்திலேயே, “ப்ளோரா குட்டீ!” என்று ஒரு குரல் விடுவார். தெருவில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் தங்களைத்தான் கூப்பிட்டார் என்று ஓடும். வேட்டி மடிப்பில் இருந்து வேர்க்கடலை எல்லோருக்கும் வரும். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் அடிக்கடி வெளியூர் டூட்டி போகிறவர். அதனால் நானும் பிளோராவும் பாதி நாள் நைனா வீட்டில்தான். அந்தக் குரல் கேட்டதும் உலை வைத்தால், அவர் குளித்துவிட்டு வரும்போது சோறு சரியாக வடியும்.

காயம் பட்டது ஒரு சாதாரண நாளில். பிரித்துப் போட்ட மரப்பெட்டிப் பலகையில் ஆணி நின்றிருக்கிறது. டயர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிட்டது. நைனா வேலை செய்த கேங்கில் எவனுக்குக் கை கிழிந்தாலும் கால் கிழிந்தாலும் ஒரே வைத்தியம்தான்: விஞ்சின் பல்சக்கரத்தில் இருக்கிற கறுப்பு கிரீஸை விரலில் வழித்து, காயத்துக்குள் அழுத்தி அடைத்து, துணி சுற்றி, மறுபடி வேலைக்குப் போவது. ரத்தம் நிற்கும், உப்புத் தண்ணீர் உள்ளே போகாது, எரியாது. பாதி கேங்குக்கு அந்த வைத்தியத்தைக் கட்டைவிரலால் அழுத்திச் செய்தவரே என் நைனாதான். காதர் பாயின் உள்ளங்கைத் தழும்பு நைனா கிரீஸ் வைத்து ஆற்றியது. அன்றைக்கு நைனா காலை நீட்டி, “வெய்யி பாய், நல்லா உள்ள வெச்சி அமுக்கு” என்றார். காதர் பாய் வைத்தார். நன்றாக உள்ளே வைத்து அமுக்கினார்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். இரண்டொரு நாளில் மேல் தோல் மூடிக்கொண்டது. வலி போனது. எல்லோரும் மறந்து போனோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு. நைனா ஒரு கவளம் எடுத்தார், வாய்க்குக் கொண்டு போனார், அது உள்ளே போகவில்லை. சின்னதாக்கி எடுத்தார். அதுவும் போகவில்லை.

“இன்னான்னு தெர்ல. தாடைய யாரோ புடிச்சிக்கினு கீற மாதிரி கீது.”

பல்லாக இருக்கும் என்று அம்மா கிராம்பு கொடுத்தாள். பார்க்க வந்த காதர் பாய், “இத்தினி வருசம் கத்தின வாயி. ஸ்ட்ரைக் பண்ணுது. ரெண்டு நாள் லீவு குடு” என்றார். எல்லோரும் சிரித்தோம். நைனாவும் சிரிக்கப் பார்த்தார். மறுநாள் கழுத்து திரும்பவில்லை. பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். வாயைத் திற என்றார். விரல் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. தானே வெளியே போய் ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டு, எங்கே போக வேண்டும் என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னார். எங்களிடம் காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி டோல்கேட்டுக்கு அப்பால், ஹைரோடை ஒட்டி இருந்தது. பெஞ்சில் படுக்க வைத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்த தகர டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நைனாவின் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பட, நடு உடம்பு பெஞ்சில் இருந்து எழும்பி நின்றது. பல் நெறிபட்டது. நான் பார்த்த அளவில் என் நைனாவை எந்தப் பாரமும் வளைத்ததில்லை. ஒரு தகர டம்ளர் வளைத்துவிட்டது.

உள்ளே இருந்து டாக்டர் ஓடி வந்தார். சின்ன வயசுக்காரர்.

“இவருக்குச் சமீபத்துல எங்கேயாவது அடிபட்டுதா?”

நாங்கள் இல்லை என்றோம். உண்மையிலேயே நினைவு வரவில்லை. கூடவே வந்திருந்த காதர் பாய்தான், “கால்ல ஒரு ஆணி... அது ஆறிப்போச்சி டாக்டர்” என்றார். டாக்டர் பாதத்தைத் தூக்கி, ஆறிய இடத்தை லேசாகக் கீறி அமுக்கினார். சீழோடு சேர்ந்து கறுப்பாக ஒன்று வந்தது.

“இது என்ன, தாரா?”

“கிரீஸு” என்றார் காதர் பாய். “நான்தான் வெச்சேன்.”

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காதர் பாய்க்கு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு அவரே சொன்னார். எங்களுக்குப் புரிகிற மாதிரி டாக்டர் விளக்கினார். இது இசிவு நோய், டெட்டனஸ். துருவிலும் மண்ணிலும் சாணத்திலும் ஒரு கிருமி இருக்கிறது. அதற்குக் காற்று ஆகாது. திறந்த காயத்தில் அது பிழைப்பது கஷ்டம். காற்றுப் போகாமல் மேலே எதையாவது வைத்து அடைத்துவிட்டால் உள்ளே உட்கார்ந்து பெருகும். ஒரு விஷத்தைக் கக்கும். அந்த விஷம் நரம்பில் ஏறினால் சதை எல்லாம் இறுகிக்கொள்ளும். முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு. கடைசியில் மூச்சு விடுகிற சதை. வெளிச்சமோ சத்தமோ தொடுதலோ, எது திடீரென்று பட்டாலும் உடம்பு இப்படித் துள்ளும்.

“ஒவ்வொரு துள்ளலும் அவரோட மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும்மா. மருந்து நாங்க கொடுக்கறோம். சத்தம் இல்லாம பாத்துக்கறது உங்க கையில இருக்கு. அறிவு முழுசா இருக்கும் அவருக்கு. எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும். அதை மறந்துடாதீங்க.”

இதை நான் விரிவாக எழுதுவது ஒரு காரணத்துக்காகத்தான். இன்றைக்கு அடிபட்டால் உடனே போட்டுக்கொள்ள ஊசி இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிரீஸோ சுண்ணாம்போ காப்பித்தூளோ, உங்கள் பக்கத்தில் எதை வைக்கிறார்களோ, அதை வைத்து அடைக்காதீர்கள். அன்பாகத்தான் வைப்பார்கள்.

நைனாவைத் தனி அறையில் போட்டார்கள். கறுப்புத் துணி கட்டிய ஜன்னல் ஒன்று. பகலிலும் அறை இருட்டு. அங்கே வார்டு ஆயாவாக இருந்தவள்தான் கன்னியம்மா. எலும்பும் தோலுமாக ஒரு பெண்பிள்ளை, காலில் மெட்டி இல்லை, செருப்பு இல்லை. பக்கெட் கைப்பிடிக்குத் துணி சுற்றி வைத்திருந்தாள். எங்களை வாசலிலேயே நிறுத்திக் காதுக்குள் பேசினாள்.

“இந்த ரூம்புல சொம்பு வியறதும் ஒண்ணுதான், இடி வியறதும் ஒண்ணுதான். புரிதா? பேசறதா இருந்தா வெளிய போ. அழுவறதா இருந்தா கேட்டு தாண்டிப் போ. இரும்பல் வந்தா முந்தானைய வாய்ல திணி. உனுக்கு வளையல் இன்னாத்துக்கு? கயிட்டு.”

கடைசி வாக்கியம் அம்மாவுக்கு. அம்மாவின் கையில் கண்ணாடி வளையல். அவர் உயிரோடு இருக்கும்போது வளையலைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா தலையை ஆட்டினாள். கன்னியம்மா தன் இடுப்பில் இருந்து ஒரு பழைய வேட்டிக் கிழிசலை எடுத்து, ஒரு வளையல் இன்னொன்றில் இடிக்காதபடி இழுத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டாள். அடிபட்ட கைக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. “இப்ப சரி. போ” என்றாள்.

மருந்து குதிரையின் ரத்தத்தில் இருந்து எடுப்பது என்றார்கள். உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் தோலுக்கடியில் ஒரு பொட்டு ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். அம்மா என் காதில், “குதிர மருந்தாடி? அப்ப எய்ந்து ஓடியாந்துருவாரு” என்றாள். தூங்க வைக்கிற மருந்தும் ஏற்றினார்கள். சாப்பாடு மூக்கு வழியாக ஒரு குழாயில் போனது, கஞ்சித் தண்ணீரும் முட்டையும் பாலும் கலந்து.

முதல் தடவை இருட்டுக்குக் கண் பழகி நைனாவின் முகத்தைப் பார்த்தபோது அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நைனா சிரித்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய, புருவம் உயர்ந்து. வெளியே வந்ததும் அம்மா சந்தோஷமாகச் சொன்னாள், “பாத்தியா, என்னப் பாத்து சிரிச்சாரு.” டாக்டர் அதைக் கேட்டுவிட்டார். அவர் சொல்லாமலே போயிருக்கலாம். “அது சிரிப்பு இல்லைம்மா. முகத்துச் சதை இழுத்துக்கறதுனால அப்படித் தெரியும்” என்றார். அம்மா சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை உள்ளே போனபோதும் அவள் அந்த முகத்துக்குப் பதிலுக்குச் சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குள் சத்தத்தை அடக்கிவிடலாம். வெளியே ஹைரோடு. லாரிகள் மணலிக்கும் எண்ணூருக்கும் போகிற வழி. ஹாரன் அடிக்காமல் எந்த டிரைவர் ஓட்டுவான்? ஒவ்வொரு ஹாரனுக்கும் நைனா துள்ளினார். இதை நான் வெளியே வந்து காதர் பாயிடம் சொன்னேன். அவர் அறைக்குள் வருவதே இல்லை. வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார், வேலைக்குப் போவார், மறுபடி வந்து நிற்பார். கேட்டுவிட்டு ஹார்பருக்குப் போனார்.

மறுநாள் அந்த கேங் முழுக்க வந்தது. கப்பலின் அடித்தளத்தில் மூட்டைக்குக் கீழே விரிக்கிற தடித்த பாய்களையும் சணல் சாக்குகளையும் தோளில் சுமந்து வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டினார்கள். ஆணி அடிக்கவில்லை, கயிற்றால் கட்டினார்கள். நாள் முழுக்கக் கத்தியே பிழைக்கிற ஆட்கள், ஒருவருக்கொருவர் கையால் மட்டும் சொல்லிக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல் செய்து முடித்தார்கள். கன்னியம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “ஹார்பர் ஆளுங்கன்னா கலீஜா பேசுவாங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான் கீறாங்க” என்றாள்.

அதோடு விடவில்லை. வேலை இல்லாதவர்கள் முறை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். லாரி வந்தால் உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினார்கள். மெதுவாக. ஹார்பரில் இருந்து வருகிற டிரைவர்களுக்கு அந்தக் கை தெரியும். ஹாரனில் இருந்து கையை எடுத்துவிட்டுப் போனார்கள். தெரியாதவர்கள் நிறுத்திச் சண்டை பிடித்தார்கள். ஒரு டிரைவர், “யோவ், ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா?” என்று எகிறினான். காதர் பாய் குரலை உயர்த்தவே இல்லை. “ரோடு எங்க அப்பன் வூட்டுது இல்ல தம்பி. உள்ள கீறவரு எங்க அப்பன் மாரி” என்றார். அந்த டிரைவர் அதற்குப் பிறகு அந்த வழியில் போனபோதெல்லாம் தானே தலையை வெளியே நீட்டி, “எப்பிடி கீறாரு?” என்று கையாலேயே கேட்டுவிட்டுப் போனான்.

எதற்கும் அடங்காதது பக்கத்து மில்லில் ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு. காலையில், மத்தியானம், சாயங்காலம். பாயையும் சாக்கையும் துளைத்துக்கொண்டு வரும். சங்கு நேரம் நெருங்குவது எங்களுக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரியும். கண் மட்டும் அங்குமிங்கும் ஓடும். காதர் பாய் மில் கேட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், “பாய், சங்கு எங்கையில இல்ல. சங்க வெச்சித்தான் எத்தினியோ ஆளு வேலைக்கு வருது, வூட்ல உலை வெக்கிது. நீயே சொல்லு, நிறுத்த முடியுமா?” என்று கேட்டாராம். முடியாதுதான். காதர் பாயும் வாழ்நாள் முழுக்கச் சங்கைக் கேட்டு எழுந்தவர்தான்.

கன்னியம்மாதான் வழி சொன்னாள். “திடீர்னு தொட்டாத்தான் துள்ளுவாரு. முன்னமே போயி, மெல்லமா கைய வெச்சி, எடுக்காம இரு. சங்கு வரும்போது காத நல்லா மூடிக்க.” அதையே செய்தோம். சங்குக்கு வெகு முன்னால் அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நிற்போம். பஞ்சு வைத்த உள்ளங்கையைத் தலையணை மீது வைத்து, இறகு நகர்கிற மாதிரி நகர்த்தி அவர் காதின் மேல் கொண்டு போவோம். அவருக்குத் தெரியட்டும் என்று கண்ணுக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொள்வோம். சங்கு ஊதும். எங்கள் கைக்குள் அந்தத் தலை இறுகும், உடம்பு எழும்பும், நடுங்கும், மெல்ல மெல்ல இறங்கும். முன்பைவிடக் குறைவாகத் துள்ளினார் என்று வெளியே வந்து ஒருவருக்கொருவர் கையால் சொல்லிக்கொள்வோம்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் துணி மேல் வைத்தேன். பக்கத்து வீட்டார் ரேடியோவை மூடினார்கள், அவர்கள் ரேடியோ ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்காது என்று தெரிந்தும். பிளோரா எங்களைப் பார்த்துப் பார்த்துக் கிசுகிசுப்பாகவே பேசினாள். “தாத்தா எப்போ முக்குல வந்து என்னக் கூப்புடுவாரு?” என்பதைக்கூட என் காதில் வாய் வைத்துத்தான் கேட்டாள். ஒரு நாள் அவளை அழைத்துப் போனேன். குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். பின்பக்கமாகக் கூட்டிப் போய், பாய் கட்டிய அந்த ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினேன். அவள் பாயில் உதட்டை வைத்து, “தாத்தா, நான் கத்தல” என்றாள். கேட்டிருக்காது. பிறகு நான் அறைக்குள் போய், அவர் கண்ணுக்கு நேராக என் முகத்தை வைத்து, பிளோரா வந்தாள் என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். அவர் கண் ஓரத்தில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை. தொட்டால் துள்ளுவார்.

மூச்சு திணற ஆரம்பித்தபோது டாக்டர் எங்களை வெளியே அழைத்தார். தொண்டையில் சின்ன ஓட்டை போட்டு, குழாய் வைத்து, அதன் வழியாக மூச்சு விட வைக்க வேண்டும் என்றார். அம்மா முதலில் கேட்டது, “கொரலு போயிடுமா?” என்பதுதான்.

“குழாய் இருக்கிற வரைக்கும் பேச முடியாது. எடுத்ததுக்கப்புறம் வந்துடும்.”

“கொரலு இல்லாட்டி அவருக்கு வேல இல்ல சாமி” என்று அம்மா டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒப்புதல் சொல்ல வேண்டியவள் அவள். வாய் வரவில்லை. நானும் சொல்லத் துணியவில்லை. அப்போதுதான் காதர் பாய் முதல் முறையாக அறை வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு, உள்ளே காலை வைக்காமல் நின்றார். வாசலில் நாங்கள் பேசியது நைனாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்; அவர் கண் காதர் பாயைக் கண்டுபிடித்தது. கட்டிலின் மேல் கிடந்த வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆள்காட்டி விரல் மேலே நீண்டது. ஒரு சுற்று சுற்றியது. அதற்கே உடம்பு அதிர்ந்தது.

காதர் பாய் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். “தூக்குன்றாருமா. பண்ணச் சொல்றாரு” என்றார். பிறகு, “என்னாண்ட சொன்னாரு. அந்த கிரீஸு வெச்ச கைக்கு சிக்னல் குடுத்தாரும்மா” என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி ஓடினார். கன்னியம்மாவின் சட்டம் அவருக்கும் தெரியும். கேட்டுக்கு வெளியே போய்த்தான் அழுதார்.

ஓட்டை போட்டார்கள். மூச்சு சீரானது. முகத்தில் அந்த இழுப்பு தளர்ந்தது. டாக்டர், “இன்னும் கொஞ்ச நாள் தாண்டிட்டா நம்பலாம்” என்றார். அம்மா கோயிலில் வைப்பதற்காகத் தன் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். நான் நைனாவின் வேலைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. நாடி தாறுமாறாக ஓடுகிறது, விஷம் நெஞ்சு வரைக்கும் போயிருக்கிறது என்றார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். டாக்டர் அடிக்கடி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாட்சைப் பார்க்காமல் நைனாவையே பார்த்தார். ஒரு முறை உதட்டுக்குள், “பெரியவரே, கொஞ்சம் பிடிங்க” என்றார்.

அன்று மத்தியானம் வழக்கம்போல் சங்குக்கு முன்னால் நாங்கள் இரண்டு பக்கமும் போய் நின்றோம். நைனா கண் மூடியிருந்தார். பஞ்சு வைத்த கையை மெல்ல நகர்த்திக் காதின் மேல் வைத்தோம். காது சூடாக இருந்தது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காத்திருந்தோம். சங்கு ஊதியது. பாயைத் துளைத்து, சாக்கைத் துளைத்து, என்றும் ஊதுவது போலவே நீளமாக ஊதி ஓய்ந்தது.

நைனா துள்ளவில்லை.

ஒரு நடுக்கம் கூட இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அந்த இருட்டில் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுத வரவில்லை. வேலைக்குப் போன கணவன் தெருமுனையில் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் அவள் முகம் அப்படித்தான் இருக்கும். உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்: “பாத்தியா. துள்ளல. விட்ருச்சி.” நானும் தலையாட்டினேன். நானும் நம்பினேன். அத்தனை நாளும் சத்தத்துக்குத் துள்ளாமல் இருந்தால் போதும் என்றுதான் எல்லாச் சாமியிடமும் கேட்டிருந்தோம். அது கிடைத்துவிட்டது என்று, கையை அவர் காதிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கன்னியம்மா பக்கெட்டோடு உள்ளே வந்தாள். எங்கள் சிரிப்பைப் பார்த்தாள். நைனாவைப் பார்த்தாள். குழாய் வாயில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் குனிந்து வெகுநேரம் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, அந்த அறையில் அதுவரை யாரும் பேசாத சாதாரணக் குரலில், “போயிட்டாரும்மா” என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் பதறிப்போய், உஸ் என்று விரலை வாயில் வைத்தேன்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார். கன்னியம்மா ஏதோ பேசினாள். முதல் பாதி என் காதில் விழவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளுங்கள் என்றது மட்டும்தான் விழுந்தது.

எங்களால் முடியவில்லை. கை இன்னும் அவர் காதை மூடியே இருந்தது. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

கன்னியம்மா ஜன்னலுக்குப் போய்க் கறுப்புத் துணியைப் பிடுங்கினாள். கதவைத் தள்ளி, கையை வெளியே விட்டு, பாயையும் சாக்கையும் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். வெயில் வந்தது. நைனாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து எத்தனை காலமோ ஆகியிருந்தது. அம்மாவிடம் வந்து வாயில் இருந்த முந்தானையை இழுத்தெடுத்தாள். அவள் கையைப் பிடித்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்து, வளையலில் சுற்றிய துணியைப் பிரித்தாள். வளையல் குலுங்கியது. அப்புறம் கன்னியம்மா கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தன் மாரில் ஓங்கி அடித்துக்கொண்டு, “அண்ணாத்தே! சவரிமுத்து அண்ணாத்தே!” என்று, ஹைரோடில் லாரிக்குக் கையைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்த காதர் பாய் வரைக்கும் கேட்கும்படி, எங்களுக்காக முதல் சத்தத்தைப் போட்டாள்.